தொள்ளாயிரத்து நாற்பது கிராம்

நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி
செவ்வாய்தோறும் வருகிறான் நிபால்டோ.
வாசலில் நின்று மூச்சு வாங்குவான்.
வைத்தியம் யாருக்கு என்று கேட்பேன்.
சிரிக்க அவனிடம் மூச்சு மிச்சமிருக்காது.

வால்பரைசோவில் எல்லா வீடும் மேலேதான்.
கடல் மட்டும் கீழே.
கூப்பிடு தூரம்,
இறங்க முடியாத தூரம்.

முதல் நாளே கேட்டான்:
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
உங்கள் வலிக்கு ஓர் எண் சொல்லுங்கள்,
தோன்யா எடெல்மிரா.

யாரிடம் கேட்கிறான்.
முப்பத்தோரு வருஷம்
துறைமுகத்து எடைமேடையில் இருந்தவள் நான்.
திராட்சைப் பெட்டி, செம்புத் தகடு,
ஒருமுறை சர்க்கஸ் கம்பெனியின் ஒட்டகம்,
எல்லாம் நிறுத்தேன்.
கப்பல்காரன் கத்தினாலும்
முள் நின்ற பிறகுதான் எழுதுவேன்.

இடுப்பில் இருப்பது
ஒரு நாளும் நிற்காத முள்.
நிறுக்கவும் தெரியவில்லை
நிறுத்தவும் தெரியவில்லை.

ஆறு என்றேன்.
ஐந்து என்றால் வேலை வாங்குவார்கள்,
ஏழு என்றால் ஆஸ்பத்திரி.
ஆறு கௌரவமான எண்.

சரி, என்ன செய்ய ஆசை என்றான்.
சிலர் நடனம் என்பார்களாம்.
ஒருவர் மீன்பிடிப் படகு என்றாராம்.
என் இடது கால் நகத்தை
நானே வெட்ட வேண்டும் என்றேன்.

இரண்டு வருஷமாக மருமகன் வெட்டுகிறான்.
நல்லவன் எலிசேயோ, குறை சொல்லக் கூடாது.
என் பாதம் அவன் மடியில்
அவன் கண் கால்பந்தில்.
கோல் விழுந்தால் எனக்கு ரத்தம்.
நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்,
வலிக்காக இல்லை.

நிபால்டோ அதை அப்படியே எழுதிக்கொண்டான்.
சிரிக்கவில்லை.
அதனால்தான் அவனை வரவிட்டேன்.

பெரிய கருவி எதுவும் கிடையாது.
சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்து.
நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழு.
மஞ்சள் ரப்பர் பட்டைக்குள் முழங்கால்களை விட்டு
சிப்பி திறப்பதுபோல் விரி.
வலிக்குமா?
வலிக்கும்.
வலிப்பதெல்லாம் உடைவதில்லை என்றான்.
யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பளு வேண்டும் என்று
அலமாரியிலிருந்து ஒரு கிலோ அரிசிப் பை எடுத்தான்.
கையில் வாங்கியதும் சொன்னேன்:
இது ஒரு கிலோ இல்லை,
தொள்ளாயிரத்து நாற்பது.
பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த்
தராசில் வைத்துவிட்டு வந்தான்.
தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.
கடைக்காரனை நான் திட்டிக்கொண்டிருந்தேன்,
அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அந்தப் பார்வையில்
நோயாளி யாரும் இல்லை.

ஜூலை மழையில் எல்லாம் பின்னால் போயிற்று.
தகரச் சுவர் முழுக்க ஈரம்,
எலும்பு முழுக்க ஈரம்.
ஒன்பது என்றேன்,
முதல்முறையாக உண்மை.
பட்டையைத் தூக்கி எறிந்தேன்.
ரேடியோவின் மேல் விழுந்து
ஒரு வாரம் அங்கேயே தொங்கியது.
அடுத்த செவ்வாய் அவன் அதை எடுக்கவில்லை.
இன்று பாதி செய்வோம் என்றான்,
பட்டை இல்லாத பாதி.

அக்டோபரில் ஒரு ஞாயிறு.
அடுத்த அறையில் ஆட்டம்.
வெந்நீரில் பாதத்தை ஊறவைத்து
இடது கணுக்காலை எடுத்து
வலது முழங்கால் மேல் வைத்தேன்.
வந்தது.
யாரோ கடன் வாங்கிப்போன பாத்திரம்
வீடு திரும்பியதுபோல் இருந்தது.
ஐந்து விரல், நாற்பது நிமிஷம்.
கட்டைவிரல் நகம் தெறித்து
அடுப்படியில் எங்கோ போய் விழுந்தது.
தேடவில்லை.
அங்கே கோல், இங்கே ரத்தம் இல்லை.

செவ்வாய்க்கிழமை எண் கேட்டான்.
ஏழு.
பேனா நின்றது. போன வாரம் ஆறுதானே?
செருப்பைக் கழற்றி
பாதத்தை அவன் தாளுக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

முள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது,
எழுதிக்கொள் என்றேன்.

சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் கோணல்.